பேஸ் நோட் எழுதுவதும் காப்பதும்: புதிய கோ-டிரைவர்கள் கேட்கும் கேள்விகள்

ராலி காரில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வரப்போகும் வளைவுகளை வாசித்துச் சொல்பவர் கோ-டிரைவர். நம் பக்கத்தில் நேவிகேட்டர் என்றும் சொல்வார்கள். அவர் மடியில் இருக்கும் நோட்டுப் புத்தகத்தில் உள்ளவைதான் பேஸ் நோட். கோவை, சென்னை ராலிகளுக்குப் புதிதாக வருபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஸ்டார்ட் லைனுக்குப் போவதற்குள் உங்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆசை.

பேஸ் நோட்டும் ரோடு புக்கும் ஒன்றா?

இல்லை. ரோடு புக் என்பது அமைப்பாளர்கள் எல்லோருக்கும் ஒன்றுபோலக் கொடுப்பது. எத்தனையாவது கிலோமீட்டரில் எந்தச் சந்திப்பு, அதில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சின்னச் சின்னப் படங்களாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு வழி தவறாமல் போய்ச் சேரலாம்.

பேஸ் நோட் நீங்களும் உங்கள் டிரைவரும் சேர்ந்து எழுதுவது. போக்குவரத்தை நிறுத்தி, கடிகாரம் வைத்து ஓட்டும் பகுதிக்கு ஸ்டேஜ் என்று பெயர். அந்த ஸ்டேஜில் உள்ள ஒவ்வொரு வளைவையும் மேட்டையும் பள்ளத்தையும் இந்த டிரைவர் இந்தக் காரில் எப்படி எடுப்பார் என்பதுதான் நோட்டில் இருக்கும். ஒரே ரோட்டுக்கு நாற்பது ஜோடி நாற்பது விதமாக எழுதியிருக்கும். நாற்பதும் சரியாக இருக்கலாம்.

டி.எஸ்.டி. (டைம், ஸ்பீட், டிஸ்டன்ஸ்) ராலிக்கு இது தேவைப்படாது. அங்கே கொடுத்த சராசரி வேகத்தைப் பிசகாமல் காப்பதுதான் போட்டி.

இதை யார் ஆரம்பித்தார்கள்?

ஒருவர் பெயரைச் சொல்லிவிட முடியாது. ஆனால் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் சம்பவம் 1955 மே 1 அன்று இத்தாலியில் நடந்தது. பிரெஷியாவில் கிளம்பி, ரோம் வரை போய், மறுபடி பிரெஷியாவுக்கே வரும் மில்லே மில்யா பந்தயம். சுமார் 1,600 கிலோமீட்டர், முழுக்கப் பொதுச் சாலை. காலை 7.22க்குக் கிளம்பியதால் 722 என்ற எண் எழுதிய மெர்சிடீஸ் 300 எஸ்எல்ஆர் காரை ஸ்டிர்லிங் மாஸ் ஓட்டினார். பக்கத்தில் டெனிஸ் ஜென்கின்சன் என்ற பத்திரிகையாளர்.

ஜென்கின்சன் முன்கூட்டியே அந்த வழியெல்லாம் போய்க் குறிப்பெடுத்து, அதை 15 அடிக்கும் மேல் நீளமான ஒரே காகிதச் சுருளில் எழுதினார். இரண்டு உருளையில் சுற்றி ஓர் அலுமினியப் பெட்டிக்குள் வைத்து, மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஜன்னல். உருளையைத் திருகத் திருக அடுத்த குறிப்பு வரும். மேலே மூடாத கார், காதைப் பிளக்கும் சத்தம். அதனால் வாயால் சொல்ல முடியாது, எல்லாமே கை சைகைதான். 10 மணி 7 நிமிடம் 48 விநாடியில் முடித்து ஜெயித்தார்கள். மணிக்குச் சராசரியாக 157 கிலோமீட்டருக்கும் மேல். மேட்டுக்கு அந்தப் பக்கம் ரோடு நேராகத்தான் போகிறது என்று ஜென்கின்சன் கை காட்டினால், மாஸ் கண்ணுக்குத் தெரியாத அந்த ரோட்டை நம்பி மிதித்தார். இன்று நாம் செய்வதும் அதேதான்.

நோட் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்னோர் உதாரணம் பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலி. அங்கே காட்டு ஸ்டேஜ்களை முன்கூட்டிப் பார்க்கவே விடமாட்டார்கள், கண்ணை நம்பித்தான் ஓட்ட வேண்டும். 1977 முதல் 1989 வரை அங்கே ஜெயித்தவர்கள் எல்லோரும் பின்லாந்து, ஸ்வீடன்காரர்கள். 1990இல் நோட்டுக்கு அனுமதி வந்தது. அந்த வருஷம் ஸ்பெயினின் கார்லோஸ் சைன்ஸும் அவர் கோ-டிரைவர் லூயிஸ் மோயாவும் ஜெயித்தார்கள். நோட் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், சைன்ஸ் பெரிய ஓட்டக்காரர். இருந்தாலும் அந்த வருஷத்தை நான் சும்மா கடந்து போவதில்லை.

வளைவுக்கு எண் போடுகிறார்களே, 1 மெதுவா, 6 மெதுவா?

இன்று அதிகம் புழங்குவது 1 மெதுவானது, 6 வேகமானது. அந்த வளைவை எந்த கியரில் எடுப்போம் என்பதிலிருந்து வந்த பழக்கம். ஹேர்பின் (கொண்டை ஊசி வளைவு), ஸ்கொயர் (செங்கோணத் திருப்பம்) இரண்டையும் எண்ணில் சேர்க்காமல் பெயராகவே சொல்வார்கள். தலைகீழாக 1ஐ வேகமானதாக வைப்பவர்களும் உண்டு. ஸ்டியரிங் எவ்வளவு திரும்புகிறது என்பதைக் கோணமாக எழுதுபவர்களும் உண்டு. 'ஃபாஸ்ட்', 'மீடியம்', 'ஸ்லோ' என்று வார்த்தையிலேயே முடித்துக்கொண்ட பழைய ஆட்களும் உண்டு.

எது சிறந்தது என்ற சண்டையில் நேரத்தை வீணாக்காதீர்கள். உங்கள் டிரைவருக்கு எது தூக்கத்தில் கேட்டாலும் புரியுமோ அதுதான் உங்களுக்கு.

கோணத்தைப் பார்த்து எண் போடுவதா, வேகத்தைப் பார்த்தா?

இதுதான் உண்மையான கேள்வி. பலர் இதைத் தீர்மானிக்காமலே ரெக்கிக்கு, அதாவது ஸ்டேஜை முன்கூட்டிப் பார்த்து நோட் எழுத, போய்விடுகிறார்கள்.

ஒரே அளவு வளைவு. ஒன்றில் தரை கெட்டியாக இருக்கிறது, ஓரத்தில் இடம் இருக்கிறது. மற்றொன்றில் வெளிப்பக்கம் கிணறு, தரையில் உருளைக்கல். முதலாவதை 5 என்றும் இரண்டாவதை 4 என்றும் எழுதினால் நீங்கள் வேகத்தை எழுதுகிறீர்கள். இரண்டையும் 5 என்று எழுதி, இரண்டாவதற்குப் பக்கத்தில் எச்சரிக்கைக் குறி போட்டால் வடிவத்தை எழுதுகிறீர்கள்.

என் கட்சி வடிவம். காரணம் இதுதான்: மழை பெய்தால் வேகம் மாறும், டயர் மாறினால் மாறும், டிரைவருக்கு அன்று காலையில் தைரியம் கூடினால்கூட மாறும். ரோட்டின் வடிவம் மாறாது. வடிவத்தை எழுதிக் கொடுத்தால், வேகத்தை அந்த நேரத்தில் டிரைவர் முடிவு செய்துகொள்வார். வேகத்தை எழுதி ஜெயிப்பவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஒரே புத்தகத்தில் பாதி அப்படி, பாதி இப்படி இருப்பதுதான் ஆபத்து. காலை ஸ்டேஜில் எழுதிய 4க்கும் சாயங்காலம் களைத்துப்போய் எழுதிய 4க்கும் ஒரே அர்த்தம் இருக்க வேண்டும். அதைக் கவனித்துச் சொல்ல வேண்டியவர் கோ-டிரைவர். டிரைவர் வளைவுக்கு மேல் வளைவாகப் பார்த்துக்கொண்டிருப்பார், அவருக்குத் தன் கணக்கு நழுவுவது தெரியாது. "அண்ணா, காலையில் இதே மாதிரி வளைவுக்கு 3 சொன்னீங்க, இப்போ 4ங்கறீங்க" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல டிரைவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஒரு வரி நோட்டைப் பிரித்துக் காட்டுங்களேன்.

சரி. புத்தகத்தில் இப்படி இருக்கும்:

80 ! க்ரெஸ்ட் / எல்4 லாங் >3 டோகட் 40 ஆர்6

வாசிக்கும்போது: "எய்ட்டி, காஷன் க்ரெஸ்ட், இன்டூ லெஃப்ட் ஃபோர் லாங், டைட்டன்ஸ் த்ரீ, டோன்ட் கட். ஃபார்ட்டி, ரைட் சிக்ஸ்."

அதாவது 80 மீட்டர் நேர் ரோடு. பிறகு அந்தப் பக்கம் தெரியாத ஒரு மேடு, அதில் ஜாக்கிரதை. மேட்டை ஏறி இறங்கும் முன்பே, இடைவெளி இல்லாமல், நீளமான இடது 4 தொடங்குகிறது. அது போகப் போக இறுகி 3 ஆகிறது. உள் ஓரத்தை வெட்டிப் போகக் கூடாது, கல்லோ குழியோ இருக்கிறது. அப்புறம் 40 மீட்டரில் ஏறக்குறைய மிதித்தபடியே போகும் வலது.

> என்றால் இறுகுகிறது, < என்றால் விரிகிறது. ஆச்சரியக்குறி ஒன்று என்றால் கவனம், இரண்டு என்றால் கார் அடிபடும், மூன்று என்றால் கார் மிஞ்சாது. மூன்றை அள்ளித் தெளிக்காதீர்கள். முழு ராலிக்கு நான்கைந்து இடம் வந்தாலே அதிகம். எல்லா வளைவுக்கும் 'காஷன்' கேட்டுப் பழகிய காதுக்கு, நிஜமான ஆபத்து வரும்போது அந்த வார்த்தையில் உறைப்பே இருக்காது.

இந்த ஒரு வரியில் மிக முக்கியமான சொல் எது தெரியுமா? 4ம் இல்லை, 3ம் இல்லை. 'இன்டூ'. மேட்டுக்கும் வளைவுக்கும் நடுவில் மூச்சுவிட இடமில்லை என்பதை அந்த ஒரு சொல்தான் சொல்கிறது. புதியவர்கள் எண்ணைப் பார்த்துப் பார்த்து எழுதிவிட்டு, இணைப்புச் சொல்லை விட்டுவிடுகிறார்கள்.

தமிழிலேயே படிக்கலாமா?

நானும் டிரைவரும் ஒரு காலி மைதானத்தில் பழைய கார் ஒன்றில் முயன்று பார்த்திருக்கிறோம். ஆசையாகத்தான் இருந்தது. இரண்டு இடத்தில் இடித்தது.

'வலது', 'இடது' இரண்டும் முதல் எழுத்தில்தான் தெளிவாக வேறுபடுகின்றன. ஹெல்மெட், இன்டர்காம் இரைச்சல், அடியில் கல் அடிக்கும் சத்தம் எல்லாம் சேர்ந்து அந்த முதல் எழுத்தை விழுங்கிவிட்டால் மிச்சம் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். 'ரைட்', 'லெஃப்ட்' இரண்டும் உயிரொலியும் முடிவும் வேறு வேறு, ஒரே அசை. அடுத்தது எண்கள். 'ஒண்ணு', 'மூணு' இரண்டும் ஒரே ஓசையில் முடிகின்றன. கவிதைக்கு நல்லது, மெதுவான வளைவையும் நடுத்தர வளைவையும் பிரித்துச் சொல்ல உதவாது.

இன்னொரு காரணம், ஜோடி மாறுவது. டெல்லியின் கௌரவ் கில் நம் நாட்டு ராலிகளில் காசர்கோட்டுக்காரரான மூஸா ஷெரீஃபோடு ஓட்டியிருக்கிறார். ஆசிய பசிபிக் சாம்பியன்ஷிப்பை 2013இலும் 2016இலும் ஆஸ்திரேலியாவின் கிளென் மெக்நீலோடும், 2017இல் பெல்ஜியத்தின் ஸ்டெஃபான் ப்ரெவோவோடும் ஜெயித்தார். இப்படி ஊர் ஊராக ஜோடி சேர ஒரு பொது பாஷை வேண்டும்.

நோட் ஆங்கிலத்தில் இருக்கட்டும், நடுவில் பேசுவது தமிழில் இருக்கட்டும். "நல்லாப் போயிட்டிருக்கு, அப்படியே போங்க" என்று தாய்மொழியில் காதில் விழுவதற்கு ஈடில்லை.

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் காரில் ஏறும் முன் கழற்றி வைத்துவிடுங்கள். நம் ஊரில் பஸ் கண்டக்டரிலிருந்து கல்யாண மண்டபச் சமையல்காரர் வரை 'சரி' என்பதற்கு 'ரைட்' என்றுதான் சொல்வோம். ஸ்டேஜில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். டிரைவர் "பிரேக் கொஞ்சம் சூடாகுது" என்று சொல்ல, நீங்கள் வாய்தவறி "ரைட், ரைட்" என்றால் அவர் கை ஸ்டியரிங்கைத் திருப்பிவிடும். 'ஓகே'யும் 'சரி'யும் போதும்.

ரெக்கியில் எப்படி எழுதுவது? எழுதுவதற்குள் கார் போய்விடுகிறதே?

ராலிக்கு முன் ஸ்டேஜைப் பார்த்து நோட் எழுத விடும் நாட்களுக்கு ரெக்கி என்று பெயர். பெரும்பாலும் ஒரு ஸ்டேஜுக்கு இரண்டு முறைதான் அனுமதி. உலக சாம்பியன்ஷிப்பிலும் இரண்டுதான். சாதாரணக் கார், வேகக் கட்டுப்பாடு உண்டு, அதை மீறினால் அபராதம். எதிரே டிராக்டரும் ஆட்டு மந்தையும் வரும், ரோடு இன்னும் பொதுமக்களுடையது.

முதல் முறை டிரைவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுகிறீர்கள். இரண்டாவது முறை நீங்கள் வாசிக்க வாசிக்க அவர் ஓட்டித் திருத்துகிறார். சொல்பவர் எப்போதும் டிரைவராக இருக்கட்டும். உங்களுக்கு அந்த வளைவு 4 மாதிரித் தெரியலாம், அவர் 3 என்றால் 3தான். அவர் காதுக்காக எழுதுகிற புத்தகம் இது.

எழுதக் கை ஓடவில்லை என்றால் வெட்கப்படாமல் "நிறுத்துங்க" என்று சொல்லுங்கள். பத்து விநாடி நின்று முழுதாக எழுதிவிட்டுக் கிளம்புங்கள். பிறகு நினைவிலிருந்து நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்ட இடம், ராத்திரி பார்த்தால் வெறும் இடமாகத்தான் இருக்கும். ஓரமாக நிறுத்தச் சொல்ல மறக்காதீர்கள், பின்னால் வேறு ரெக்கி கார் வரும்.

அடையாளம் எழுதும்போது அது ராலி அன்றைக்கும் அங்கே இருக்குமா என்று யோசியுங்கள். நிற்கும் லாரி, காயப்போட்ட சோளம், கட்டியிருக்கும் மாடு எதுவும் இருக்காது. கோவை ராலிக்குக் கேத்தனூர்ப் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே மண் ரோட்டில் ஸ்டேஜ் ஓட்டியிருக்கிறார்கள். அங்கே 'காற்றாலைக்கு அப்புறம் லெஃப்ட்' என்று எழுதி வைத்தவரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் எல்லாமே காற்றாலை, எல்லாம் ஒரே மாதிரி. அப்படிப்பட்ட வெட்டவெளியில் தண்ணீர்த் தொட்டி, ஒற்றை வேப்பமரம், தரையில் குறுக்கே போகும் சிமென்ட் குழாய் போன்றவை கிடைத்தால் விடாதீர்கள். சிக்மகளூர் காபித் தோட்டத்தில் இதற்கு நேர்மாறு. மர நிழலில் ரோடே இருட்டாக இருக்கும், தூரத்து அடையாளம் எதுவும் தெரியாது. அங்கே தரையைப் பற்றி நிறைய எழுத வேண்டியிருக்கும்: எங்கே ஈரம், எங்கே இலைக்குப்பை.

தூரத்தை ட்ரிப் மீட்டரில் பார்ப்பதா, கண் மதிப்பா?

டிரைவரின் கண் மதிப்பு. அவர் 60 என்று சொன்னது அளந்தால் 75 இருக்கலாம், பரவாயில்லை. அவருடைய 60 எல்லா இடத்திலும் அதே 60 ஆக இருந்தால் போதும். இருநூறு மீட்டருக்கு மேல் போகும் நீளமான நேர் ரோட்டுக்கு மட்டும் மீட்டரைப் பாருங்கள்.

எந்த மாதிரி நோட்டு, எந்தப் பேனா?

பேனாவே வேண்டாம். வியர்வையோ மழையோ பட்டால் மை பரவிவிடும். 2பி பென்சில், நல்ல ரப்பர், கூடவே இரண்டு உபரி பென்சில். ஒன்றைக் கயிறு கட்டி வையுங்கள், குலுக்கலில் கீழே விழுந்தால் பெல்ட்டோடு குனிந்து எடுக்க முடியாது. சுருள் கம்பி போட்ட, தட்டையாகத் திறக்கும் கெட்டி அட்டை நோட்டு. தாள் தடிமனாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள்.

ஒரு வரியில் இரண்டு மூன்று குறிப்புக்கு மேல் வேண்டாம், எழுத்து பெரிதாக இருக்கட்டும். வீட்டு மேசையில் அழகாகத் தெரியும் எழுத்து ஸ்டேஜில் பயன்படாது. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு யாரையாவது உங்கள் முழங்கையை ஆட்டச் சொல்லிப் படித்துப் பாருங்கள், எந்த எழுத்து சிறியது என்று உடனே தெரியும்.

ஒவ்வொரு பக்கத் தலையிலும் ஸ்டேஜ் எண்ணும் '3/14' என்று பக்க எண்ணும் இருக்கட்டும். பக்கத்தின் கடைசிக் குறிப்பு, அடுத்த பக்கத்தின் முதல் வரியாகவும் மறுபடி வரட்டும். பக்கம் திருப்ப வசதியான இடத்தில், நேர் ரோடு வரும் இடத்தில், பக்கத்தை முடியுங்கள். 'இன்டூ'வுக்கு நடுவில் பக்கம் முடியவே கூடாது.

தாள்கள் ஒட்டிக்கொள்வதைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். மழை ஈரத்தில் சர்வீஸில் (ஸ்டேஜ்களுக்கு நடுவே காரைச் சரிபார்க்கும் இடம்) புத்தகத்தைத் திறந்தே வைத்திருந்தேன். ஸ்டேஜில் ஏழாம் பக்கம் எட்டாம் பக்கத்தோடு ஒட்டி, நான் நேராக ஒன்பதைப் படித்தேன். "ரைட் சிக்ஸ்" என்றேன். அங்கே இருந்தது இடது 3. டிரைவர் கண்ணால் பார்த்துப் பிரேக் மிதித்தும் கார் கிளுவை வேலியைப் பிய்த்துக்கொண்டு சோளக்காட்டுக்குள் போய் நின்றது. இருவருக்கும் அடியில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு தாளின் கீழ் மூலையையும் படிக்கட்டு மாதிரி சற்றே குறைத்துக் குறைத்து வெட்டிவிடுகிறேன், விரல் ஒரு நேரத்தில் ஒரு தாளைத்தான் பிடிக்கும். வங்கியில் நோட்டு எண்ணுபவர்கள் போடும் ரப்பர் விரலுறையும் நல்ல உதவி. கையுறை டிரைவருக்குத்தான் கட்டாயம், கோ-டிரைவர் வெறும் விரலோடு இருக்கலாம்.

ரெக்கி முடிந்த ராத்திரி மறுபடி புதிதாக எழுத வேண்டுமா?

எழுதுங்கள். ரெக்கி காரில் எடுத்த வீடியோவை ஓடவிட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் சுத்தமான பிரதி எடுங்கள். நேரம் இல்லை என்றால் குழம்பியிருக்கும் பக்கங்களை மட்டுமாவது. எழுதி முடித்ததும் இன்னொரு முறை பழையதோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பிரதி எடுக்கும்போது 'எல்' 'ஆர்' ஆகிவிடுவது எல்லோருக்கும் நடக்கும், களைப்பில் கண்ணுக்குத் தெரியாது. டிரைவருக்கு ஒருமுறை முழு ஸ்டேஜையும் வாசித்துக் காட்டிவிட்டுத் தூங்குங்கள். கடைசியாக ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து டிரைவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

எவ்வளவு முன்னால் சொல்ல வேண்டும்?

மணிக்கு 100 கிலோமீட்டரில் கார் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் போகிறது. "லெஃப்ட் ஃபோர் லாங் டைட்டன்ஸ் த்ரீ டோன்ட் கட்" என்று சொல்லி முடிக்க இரண்டு விநாடி பிடிக்கும். நீங்கள் வாயைத் திறந்து மூடுவதற்குள் 55 மீட்டர் போய்விட்டது. ஆகவே இந்த வளைவில் கார் திரும்பிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைச் சொல்லிவிட வேண்டும். சில டிரைவர்கள் இரண்டு வளைவு முன்னால் கேட்பார்கள். சிலருக்கு அவ்வளவு முன்னால் சொன்னால் மறந்துவிடும், பிரேக் மிதிக்கும் முன் காதில் விழுந்தால் போதும் என்பார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குரலை உயர்த்த வேண்டாம். ஒரே சீராகச் சொல்லுங்கள், ஆபத்தான இடத்தில் மட்டும் அழுத்துங்கள். வளைவுகள் நெருங்கி வந்தால் வேகமாகவும், நேர் ரோட்டில் நிதானமாகவும் குரல் ஓடினால், ரோட்டின் தாளமே டிரைவருக்குக் கேட்கும்.

பெண் குரல் அந்தச் சத்தத்தில் கேட்குமா?

நன்றாகவே கேட்கும். 1981இல் சான்ரெமோ ராலியில் ஆடி குவாட்ரோவில் மிஷேல் மூத்தோன் ஜெயித்தபோது, உலக சாம்பியன்ஷிப் ராலி ஒன்றை ஜெயித்த முதல் பெண் ஆனார். அந்த நோட்டை வாசித்தவர் ஃபாப்ரிட்சியா போன்ஸ், அவரும் பெண். உரிமம் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஆளெடுக்கும்போது 'பொண்ணா?' என்று தயங்கும் டிரைவரிடம் உங்கள் புத்தகத்தைக் காட்டுங்கள்.

நடுவில் இடம் தவறிவிட்டால்?

உடனே "லாஸ்ட்" என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு சொல்லைச் சொல்லத் தயங்கும் மூன்று விநாடிதான் பெரும் ஆபத்து. ஊகித்துப் படிக்கவே கூடாது. டிரைவர் நோட் இல்லாமல் கண்ணால் ஓட்டிச் சமாளிப்பார், பத்து விநாடி போகும், அவ்வளவுதான். தப்பான நோட்டை நம்பி ஓட்டினால் கார் போகும்.

திரும்பச் சேர ஓர் இடம் வேண்டுமே, அதற்காகத்தான் ஹேர்பின், சந்திப்பு, பாலம், நீளமான நேர் ரோடு எல்லாவற்றையும் புத்தகத்தில் வட்டம் போட்டு வைப்பது. தவறியதும் அடுத்த வட்டத்துக்குப் போய், அங்கே விரலை வைத்துக்கொண்டு, அந்த இடம் வரும் வரை தலையைத் தூக்கி ரோட்டைப் பாருங்கள். வந்ததும் "ஓகே, ஐ ஹாவ் இட்" என்று சொல்லி அங்கிருந்து தொடங்குங்கள்.

பழகப் பழக இது குறையும். தலை குனிந்திருக்கும்போதே கார் எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே வயிறு தூக்கிப் போட்டது, எப்போது பிரேக் அழுந்தியது என்று உடம்பு சொல்லிவிடும். உட்கார்ந்திருக்கும் இடத்தால் ரோட்டைப் படிப்பது என்போம்.

இன்டர்காம் நடுவில் செத்துவிட்டால்?

ஜென்கின்சன் வழிதான். டிரைவர் கண் படும் இடத்தில், டாஷ்போர்டுக்கு மேலே கையை நீட்டுங்கள். எந்தப் பக்கம் என்பதைக் கை காட்ட, எண்ணை விரல்கள் காட்டும். முன்கூட்டியே பேசி ஒருமுறை பழகியிருந்தால்தான் இது உதவும். ஸ்டார்ட்டுக்கு முன் புது பேட்டரி போடுவதும், ஒயரை இழுத்துப் பார்ப்பதும் கோ-டிரைவர் வேலை.

எனக்கு வாந்தி வருகிறது. இந்த வேலைக்கு லாயக்கில்லையா?

அப்படியெல்லாம் இல்லை, பழைய ஆட்களுக்கும் ரெக்கியில் வரும். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். இட்லி, மோர், கொஞ்சம் இஞ்சி. மாத்திரை போடுவதானால் மருத்துவரைக் கேளுங்கள், சில மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும்.

அதே ஸ்டேஜ் இரண்டாவது முறை வரும்போது நோட் மாறுமா?

வடிவம் மாறாது, தரை மாறும். நாற்பது கார் போன மண் ரோட்டில் வளைவின் உள் ஓரம் தோண்டப்பட்டுக் கல் வெளியே வந்திருக்கும். முதல் முறை 'கட்' என்று எழுதிய இடம் இப்போது 'டோன்ட் கட்'. அதனால் ஸ்டேஜ் முடிந்து நேரம் குறித்த டைம் கார்டை வாங்கி வைத்ததுமே, அடுத்த கண்ட்ரோலுக்கு (நேரம் பதியும் சாவடி) போகும் வழியில் டிரைவரைப் பேச வையுங்கள். "அந்த லெஃப்ட் ஃபோர் இன்னும் வேகமாப் போயிருக்கலாம்", "பாலத்துக்கு அப்புறம் குழி விழுந்திருச்சு". சூட்டோடு சூடாக வேறு நிறப் பென்சிலில் எழுதுங்கள். சர்வீஸுக்கு வந்து டீ குடித்த பிறகு கேட்டால் பாதி மறந்திருக்கும்.

மான்டி கார்லோ ராலியில் இதற்கென்றே தனி ஜோடி ஒன்று உண்டு. ஸ்டேஜ் தொடங்கும் முன்பே அதில் போய், எங்கே பனி உறைந்திருக்கிறது என்று பார்த்து, போட்டியாளரின் நோட்டில் குறிக்கத் தகவல் கொடுப்பார்கள்.

அமைப்பாளர் தரும் நோட்டையோ, அடுத்தவர் நோட்டையோ பயன்படுத்தலாமா?

பிரிட்டனில் பல ராலிகளில் ரெக்கியே இருக்காது. ஸ்வீடனில் உருவான ஜெம்பா முறை மாதிரி, கருவி வைத்த காரை ஓட்டி எடுத்த நோட்டையே எல்லோருக்கும் கொடுப்பார்கள். விதி அனுமதித்தால் தப்பில்லை. அப்போது முந்தின நாள் வீடியோவோடு உட்கார்ந்து உங்கள் டிரைவரின் பாஷைக்கு மாற்றுங்கள். நண்பரின் நோட்டை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் டிரைவரின் 5, உங்கள் டிரைவருக்கு 4 ஆக இருக்கும்.

டேப்லெட்டில் வைத்துக்கொண்டால் என்ன?

சேமிக்க நல்லது. காரில் எனக்குக் காகிதம்தான். திரை தூசியிலும் வெயிலிலும் மங்கும், ஈர விரலுக்குக் கீழ்ப்படியாது.

ராலி முடிந்ததும் நோட்டை என்ன செய்வது? அடுத்த வருஷம் உதவுமா?

தூக்கி எறியாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஒருமுறை காருக்குள் எடுத்த வீடியோவோடு வைத்துப் பாருங்கள். டிரைவர் எங்கெல்லாம் உங்கள் எண்ணை நம்பாமல் முன்பே பிரேக் மிதித்தார் என்று அதில் தெரியும். அந்த இடங்களைக் குறித்து, அவரோடு உட்கார்ந்து ஏன் என்று பேசுங்கள். நோட் சரியாக இருந்தும் நம்பவில்லையா, நோட்டே தப்பா? அடுத்த ராலிக்கான வேலை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

பிறகு ராலி பெயர், வருஷம், டிரைவர், கார், தரையின் நிலை எல்லாவற்றையும் அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். பென்சில் எழுத்து மங்காது, ஆனால் உரசினால் அழியும். படங்களை வருஷ வாரியாகக் கணினியில் சேமியுங்கள்.

அடுத்த வருஷம் அதே ஸ்டேஜ், அதே திசையில் வந்தால் பழைய நோட்டை ரெக்கிக்கு அடித்தளமாக எடுத்துப் போகலாம், விதியில் தடை இல்லாத வரை. அப்போதும் இரண்டு முறை ரெக்கி செய்து வரி வரியாகச் சரிபார்க்க வேண்டும். ஒரு மழைக்காலத்தில் மண் ரோடு ஆளே மாறிப்போகும். திசை மாறி வந்தால் பழையதை மூடி வைத்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். > குறியை < ஆக்கித் திருப்பிப் போட்டுவிடலாம் என்று தோன்றும். அந்தப் பக்கத்திலிருந்து ஏறும்போது மேடு எதை மறைக்கிறது என்பது பழைய நோட்டில் இருக்காது.

டிரைவர் மாறினாலும் அப்படித்தான். என் அலமாரியில் ஒரே ஸ்டேஜுக்கு இரண்டு டிரைவர்களோடு எழுதிய இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு வெவ்வேறு ஊரின் ரோடு மாதிரி இருக்கும்.

கார் இல்லாமல், ராலி இல்லாமல் எப்படிப் பழகுவது?

பொது ரோட்டில் வேகமாக ஓட்டிப் பழகாதீர்கள், யாரையும் ஓட்டவும் சொல்லாதீர்கள். பஸ்ஸே போதும். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறும் பஸ்ஸில் முன் சீட்டைப் பிடியுங்கள். நாற்பது ஹேர்பின், ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. நாமக்கல் பக்கம் இருந்தால் கொல்லிமலை, அங்கே எழுபது. முதல் பயணத்தில் எழுதுங்கள். இறங்கும்போது எழுதாதீர்கள், அது வேறு ரோடு. வேறொரு நாள் மறுபடி ஏறி, எழுதியதை மனசுக்குள் வாசித்துக்கொண்டே போங்கள்.

முதல் தடவை ஹேர்பின்களைத் தவிர ஒன்றும் எழுத முடியாது. இரண்டாவது தடவை நடுவில் உள்ள வளைவுகள் வந்துவிடும். தலையை நோட்டிலிருந்து தூக்காமலே, இப்போது வருவது இருபத்து மூன்றாவது ஹேர்பின் என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து, பலகையிலும் 23 என்று இருந்தால், யாராவது ஒரு டிரைவரிடம் பேசத் தொடங்கலாம்.